தோப்பை அளப்பது எப்படி: மாதிரித் திடலும் சராசரியும் பிழையும்

அத்தியாயம் 5

திருச்சிராப்பள்ளிப் பக்கம் ஒரு தைல மரத் தோப்போ சவுக்குத் தோப்போ வெட்டுக்கு வந்துவிட்டால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஏக்கருக்கு எத்தனை டன் தேறும்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு இங்கே கூடுதல் கனம் உண்டு. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்தின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. மேற்கே கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அதே நிறுவனத்தின் அட்டை ஆலை 2016 முதல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் இயங்குகிறது. கூழ்மரம் வளர்ப்பவரும் வாங்குபவரும் ஒரே வட்டாரத்தில் இருக்கும்போது, நிற்கும் மரத்தின் அளவைச் சரியாகச் சொல்லத் தெரிவது இரு தரப்புக்கும் சோறு போடும் அறிவு.

தோப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து "இவ்வளவு தேறும்" என்று சொல்பவர்களில் அனுபவசாலிகள் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் எண் எவ்வளவு தவறாக இருக்கலாம் என்பதை அந்த எண் சொல்வதில்லை. புள்ளியியல் முறை தரும் எண் தன் பிழையையும் சேர்த்தே சொல்லும். இந்த அத்தியாயம் கற்றுத்தருவது இரண்டு விஷயங்கள்: அந்தப் பிழையைக் கணக்கிடுவது, நிலத்தைத் தெரிந்துகொண்டு அதைக் குறைப்பது. வனக் காப்பாளர், வனவியல் மாணவர், சொந்தத் தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஆகிய மூவரையும் மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லா மரத்தையும் அளக்க வேண்டாம்

கொஞ்சம் அளந்து முழுக்காட்டையும் மதிப்பிடும் பழக்கம் நம் நாட்டு வனத்துறையைவிடப் பழையது. 1856-இல் பர்மாவின் பெகு பகுதிக்கு வனப் பொறுப்பேற்று வந்த டீட்ரிச் பிராண்டிஸ், யானை மேல் அமர்ந்து காட்டை ஊடுருவிச் சென்றார். வழியில் தெரிந்த தேக்கு மரங்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, பருமனுக்கு ஒரு மூங்கில் துண்டு என்று வைத்துக்கொண்டு, மரத்துக்கு ஒரு வெட்டு வீதம் கத்தியால் குறித்துக்கொண்டே போனார். கோடு போட்டதுபோல் ஒரு பட்டையில் எண்ணி, அதிலிருந்து முழுப்பரப்புக்கும் கணக்குப் போட்ட முறை அது. இன்று டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் (1981-இல் உருவானது) நாடு முழுவதும் செய்வதும் அடிப்படையில் மாதிரி அளவைதான். பிராண்டிஸிடம் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் உண்டு. எடுத்த மாதிரி எவ்வளவு நம்பகமானது என்பதை அளக்கும் கணிதம் அது.

தேவையான பொருள்கள்

1. 30 மீட்டர் நாடா ஒன்று. சுற்றளவு எடுக்க, நீளாத துணி நாடாவோ கண்ணாடியிழை நாடாவோ ஒன்று.
2. 1.37 மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி. இந்தியாவில் மார்பளவு உயரம் என்பது 1.37 மீட்டர். பல வெளிநாட்டு நூல்களில் 1.3 மீட்டர் என்றிருக்கும். அவர்களுடைய சூத்திரத்தை எடுத்தாளும்போது இதைக் கவனிக்க வேண்டும்.
3. உயரம் அளக்கக் கோணமானி. கைபேசிச் செயலியும் போதும். ஆனால் தரையில் கிடத்திய ஒரு மரத்தின் நீளத்தோடு முதலில் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும்.
4. புல வரைபடம், சுண்ணாம்பு, குறிப்பேடு, பென்சில். மழைக்காலத்தில் பேனா உதவாது.

முதல் படி: நிலத்தைப் பிரித்தல்

நாடாவை எடுப்பதற்கு முன் தோப்பை ஒரு முறை முழுக்க நடந்து பாருங்கள். எங்கே மரம் நன்றாக வந்திருக்கிறது, எங்கே சோப்ளாங்கியாக நிற்கிறது, ஏன் என்று குறித்துக்கொள்ளுங்கள். மணப்பாறைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் சரளை மேலே தெரியும் இடமும், கண்மாய்க் கரையை ஒட்டிய தாழ்வான இடமும் ஒரே தோப்பில் இருக்கலாம். ஒரே நாளில் நட்ட ஒரே கன்றுகள்தான், ஆனாலும் இரண்டு இடத்திலும் மரம் ஒன்றுபோல் இராது. இவற்றைத் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் பிரிக்கும் விதம் வேறு. தீவின் இரு பக்கமும் ஆறு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். மண்ணின் தன்மையும் ஈரமும் கரையிலிருந்து உள்ளே போகப்போக மாறும். இங்கே அளவைக் கோட்டை ஆற்றுக்கு இணையாகப் போட்டால் ஒரே வகை ஈரத்தில் நிற்கும் மரங்களே மாதிரியில் விழும். ஆற்றுக்குக் குறுக்கே, கரையிலிருந்து உட்பக்கமாகப் போட்டால் எல்லா நிலையும் அகப்படும். மாற்றம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே கோடும் ஓட வேண்டும். கல்லணைக்குக் கீழே வாய்க்கால் கரைகளில் வரிசையாக நிற்கும் தேக்குக்கு இதுவும் பொருந்தாது. அங்கே பரப்பு என்ற கணக்கே பயன்படாது. நூறு மீட்டர் கரை நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும்.

துறையூர் வட்டத்துப் பச்சைமலையில் இயற்கைக் காடு. பல இனம், பல வயது. அங்கே உயரம், சரிவின் முகம், காட்டு வகை ஆகியவற்றால் அடுக்கு பிரிக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அளவை செய்ய வனத்துறை அனுமதி கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: எத்தனை திடல்?

மாதிரிக்காக அளக்கும் சிறு பரப்பே திடல். திடல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தோப்பின் பரப்பு மட்டும் அல்ல. மரங்கள் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதும், நீங்கள் எவ்வளவு பிழையைத் தாங்குவீர்கள் என்பதுமே பெரிய காரணங்கள். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மாறுபாட்டுக் கெழு. தேவையான திடல்களைத் தோராயமாக இப்படிக் காணலாம்:

திடல் எண்ணிக்கை = (2 × மாறுபாட்டுக் கெழு ÷ தாங்கும் பிழை விழுக்காடு) இன் வர்க்கம்

கெழு 15 விழுக்காடு, தாங்கும் பிழை 10 விழுக்காடு என்றால் 9 திடல்கள் போதும். பிழையை 5 விழுக்காடாக்க விரும்பினால் 36 திடல்கள் வேண்டும். பிழையைப் பாதியாக்க வேலை நான்கு மடங்காகிறது. கெழு எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாவிட்டால், நான்கைந்து திடல்களை முதலில் அளந்து அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளவும். திடல் பத்துக்கும் குறைவாக வந்தால் இரண்டொன்று கூட்டியே போடுங்கள். சிறு மாதிரியில் 2 என்ற பெருக்கி போதாது.

திடலை எங்கே போடுவது என்பதை உங்கள் கால் தீர்மானிக்கக் கூடாது. நடக்க வசதியான இடம் பெரும்பாலும் பாதை ஓரம். பாதை ஓர மரத்துக்கு வெயில் கூடுதல், பருமனும் கூடுதல். வரைபடத்தில் கட்டம் போட்டு, கட்டங்களுக்கு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். சம இடைவெளியில் போடுவதானால் தொடங்கும் இடத்தையாவது குலுக்கலில் எடுக்க வேண்டும். அந்த இடைவெளி, மழைநீர் சேகரிக்க வெட்டிய அகழிகளின் இடைவெளியோடு ஒத்துப்போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போனால் எல்லாத் திடலும் அகழி ஓரத்திலேயே விழுந்து, தோப்பு இருப்பதைவிடச் செழிப்பாகத் தெரியும்.

மூன்றாம் படி: திடல் போட்டு அளத்தல்

தோப்புக்கு வட்டத் திடல் எளிது. ஆரம் 7.98 மீட்டர் என்றால் பரப்பு 200 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் ஐம்பதில் ஒரு பங்கு. மலைச்சரிவில் தரையோடு நாடாவைப் பிடித்தால் பரப்பு குறைந்துவிடும். 20 பாகைச் சரிவில் இதே பரப்புக்கு ஆரம் 8.23 மீட்டர் வேண்டும்.

நடுவில் முளை அடித்து, வடக்கிலிருந்து தொடங்கி வலமாக ஒவ்வொரு மரத்தையும் அளக்கவும். தைல மரத்தில் பட்டை உரிந்து தொங்கும். அதைக் கையால் விலக்கிவிட்டு, கரையான் மண் இருந்தால் தட்டிவிட்டு, நாடாவை மார்பளவு உயரத்தில் தண்டுக்குச் செங்குத்தாகச் சுற்ற வேண்டும். நாடா பின்பக்கம் சரிந்துவிடும் என்பதால் மறுபுறம் ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. 30 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தை 32 என்று எழுதினால் கன அளவு 14 விழுக்காடு கூடிவிடும். திடல் கணக்கில் பிழையைக் குறைக்கப் பாடுபட்டுவிட்டு நாடாவில் கோட்டைவிடக் கூடாது.

மறுதாம்புத் தோப்பில் ஒரு கட்டையிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் வந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து தனி வரியில் எழுதுங்கள். கிடைத்த சுற்றளவுகளின் சராசரியைக் கொண்டு கன அளவு காணும் தவறு பலரிடம் இருக்கிறது. 20 செ.மீ., 40 செ.மீ. என்று இரு தண்டுகள் இருந்தால் சராசரி 30, அதன் வர்க்கம் 900. வர்க்கங்களின் சராசரியோ 1000. குறுக்கு வழியில் போனவருக்குப் பத்தில் ஒரு பங்கு மரம் காணாமல் போயிற்று.

உயரத்தை எல்லா மரத்துக்கும் எடுக்கத் தேவையில்லை. ஐந்தாவது மரம்தோறும் எடுத்து, சுற்றளவுக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பை வரைபடத்தாளில் ஒரு கோடாக வரைந்து, மற்ற மரங்களின் உயரத்தை அதிலிருந்து படித்துக்கொள்ளலாம். உயரமான மரங்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிடாதீர்கள்.

திடல் போட நேரமில்லாதபோது ஆஸ்திரியாவின் வால்ட்டர் பிட்டர்லிக் 1948-இல் வெளியிட்ட கோண முறை கைகொடுக்கும். ஒரு மீட்டர் குச்சியின் நுனியில் 2 செ.மீ. அகலத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள். குச்சியின் மறுமுனையைக் கண்ணருகே வைத்து, நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். மார்பளவில் தகட்டைவிட அகலமாகத் தெரியும் மரத்தை எண்ணவும். சரியாகப் பொருந்தும் மரத்தைப் பாதியாகக் கொள்ளவும். எண்ணிய ஒவ்வொரு மரமும் ஹெக்டேருக்கு ஒரு சதுர மீட்டர் அடிமரப் பரப்பை (மார்பளவில் தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பை) குறிக்கும். பத்து மரம் என்றால் 10 சதுர மீட்டர். ஓரிடத்து எண்ணிக்கையை நம்பிவிடாமல் பல இடங்களில் நின்று எடுத்த சராசரியே கணக்கு.

நான்காம் படி: கன அளவு

ஒரு மரத்தின் கன அளவு = சுற்றளவின் வர்க்கம் ÷ 12.57 × உயரம் × வடிவக் காரணி

எல்லா அளவும் மீட்டரில் இருக்க வேண்டும். மரம் மேலே போகப்போக மெலிவதால் அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கிய உருளைக்குள் உண்மையில் எவ்வளவு மரம் இருக்கிறது என்பதே வடிவக் காரணி. 0.30 மீட்டர் சுற்றளவு, 12 மீட்டர் உயரம், காரணி 0.45 என்றால் கன அளவு சுமார் 0.039 கன மீட்டர். காரணியை நூலிலிருந்து எடுக்காமல், உங்கள் தோப்பிலேயே சில மரங்களை வெட்டித் துண்டு துண்டாக அளந்து கண்டுபிடிப்பதே உத்தமம். மெல்லிய மரம், நடுத்தரம், பருமன் என எல்லா வகையிலிருந்தும் மரம் எடுக்க வேண்டும். இயற்கைக் காட்டு மரங்களுக்கு இந்திய வன அளவை நிறுவனம் இன வாரியாகக் கன அளவுச் சமன்பாடுகளை வெளியிட்டிருக்கிறது.

மர வணிகத்தில் புழங்கும் கால் சுற்றளவு முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சுற்றளவை நான்கால் வகுத்து வர்க்கப்படுத்தி நீளத்தால் பெருக்கும் அந்த முறை, உண்மையான உருளைக் கன அளவில் 78.5 விழுக்காட்டையே காட்டும். அறுவைக் கழிவைக் கருதி எழுந்த வழக்கம் அது. அந்த முறையில் விலை பேசினால் அதற்கேற்ற விலையையும் பேசுங்கள்.

ஆலைக்கு டன் கணக்கு வேண்டும். வெட்டிய மாதிரி மரங்களின் மொத்த எடையை அவற்றின் மொத்தக் கன அளவால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மரத்துக்கு மரம் விகிதம் கண்டு அவற்றின் சராசரியை எடுக்க வேண்டாம். மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதே சரி. பட்டையோடா, பட்டை உரித்தா, வெட்டி எத்தனை நாள் கழித்து எடைமேடைக்குப் போனது என்பதையும் எழுதிவைக்கவும். ஈரம் குறைந்தால் எடை குறையும். சவுக்கில் கட்டையையும் மிலாரையும் தனித்தனியாக நிறுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: சராசரியும் பிழையும்

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. பத்து ஹெக்டேர் தைல மரத் தோப்பு, வயது ஐந்து. ஆறு ஹெக்டேர் மேடு, நான்கு ஹெக்டேர் தாழ்நிலம். பத்துத் திடல்களில் கிடைத்த அளவு, ஹெக்டேருக்குக் கன மீட்டரில்:

மேட்டு நிலம்: 52, 47, 49, 44, 55, 58
தாழ்நிலம்: 61, 58, 66, 70

முதலில், நிலத்தைப் பிரிக்காமல் பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 560, சராசரி 56. ஒவ்வொரு எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 620. அதை 9 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் திட்ட விலக்கம் 8.3. பத்தின் வர்க்கமூலமான 3.16 ஆல் இதை வகுத்தால் திட்டப் பிழை 2.62. பத்துத் திடலுக்கு உரிய பெருக்கி 2.26. ஆக, மதிப்பீடு ஹெக்டேருக்கு 56 ± 5.9 கன மீட்டர். முழுத் தோப்புக்கு 560 ± 59. 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய எல்லை இது.

இப்போது அதே எண்களை நிலம் பிரித்துக் கணக்கிடுவோம். மேட்டின் சராசரி 50.8, தாழ்நிலத்தின் சராசரி 63.8. பரப்பின்படி எடைபோட்டால் (0.6, 0.4) சராசரி மீண்டும் 56 தான். ஆனால் மேட்டுக்குள் மாறுபாடு குறைவு, தாழ்நிலத்துக்குள்ளும் குறைவு. ஒவ்வோர் அடுக்கிலும் பரப்புப் பங்கின் வர்க்கத்தை விலக்க வர்க்கச் சராசரியால் (மேட்டில் 27.0, தாழ்நிலத்தில் 28.3) பெருக்கி, திடல் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டினால் 2.75. அதன் வர்க்கமூலம் 1.66. இரண்டு அடுக்காகப் பிரித்ததால் பெருக்கி இங்கே 2.31. மதிப்பீடு 56 ± 3.8.

அதே பத்துத் திடல், அதே உழைப்பு. பிழை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. நிலத்தைப் பிரிக்காமல் இந்தத் துல்லியத்தை எட்ட வேண்டுமானால் சுமார் 20 திடல்கள் போட்டிருக்க வேண்டும். முதல் நாள் தோப்பைச் சுற்றி நடந்த நேரம் பத்துத் திடல்களின் கூலியை மிச்சப்படுத்தியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விளைதிறன்

இன்று எவ்வளவு நிற்கிறது என்பது இருப்பு. ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்பது விளைதிறன். இருப்பை வயதால் வகுத்தால் சராசரி ஆண்டு வளர்ச்சி. மேலே சொன்ன தோப்பில் 56 ÷ 5 = 11.2 கன மீட்டர். கடைசி ஓராண்டில் கூடியது நடப்பு ஆண்டு வளர்ச்சி. அதே தோப்பு நான்காம் ஆண்டில் 42, ஐந்தில் 56, ஆறில் 67, ஏழில் 76 என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடப்பு வளர்ச்சி ஐந்தாம் ஆண்டில் 14, ஆறில் 11, ஏழில் 9. சராசரி வளர்ச்சி 11.2, 11.2, 10.9. நடப்பு வளர்ச்சி சராசரிக்குக் கீழே இறங்கும் இடத்தில் சராசரி உச்சம் தொட்டுவிட்டது. மரத்தின் அளவை மட்டும் பார்த்தால் அதுவே வெட்டும் வயது. விலை, வட்டி, மறுதாம்பின் வேகம் ஆகியவை இந்த வயதைச் சற்று முன்பின் தள்ளலாம்.

வளர்ச்சியை அறிய ஆண்டுதோறும் புதுத்திடல் போடுவதைவிட, சில நிரந்தரத் திடல்களை வைத்து அதே மரங்களைத் திரும்ப அளப்பது நல்லது. மார்பளவில் பெயின்ட் கோடு போட்டு எண் எழுதிவிட்டால் அதே இடத்தில் நாடா சுற்றலாம். இரண்டு அளவும் ஒரே மரத்தினுடையவை என்பதால் வித்தியாசத்தின் பிழை வெகுவாகக் குறையும். நிரந்தரத் திடலுக்கு மட்டும் தனியாக உரமோ தண்ணீரோ விடக் கூடாது. விட்டால் அந்தத் திடல் அந்த நாளிலிருந்து மாதிரி அல்ல.

நிலத்தின் வளத்தை மதிப்பிட, மேலோங்கி நிற்கும் மரங்களின் உயரத்தை எடுக்கவும். நெருக்கி நட்டாலும் விலக்கி நட்டாலும் அந்த உயரம் அதிகம் மாறாது; மண்ணும் நீரும்தான் அதை முடிவு செய்கின்றன. 1940-இல் வனவியலாளர்கள் லாரியும் பக்ஷி சந்த் ராமும் இந்திய, பர்மியத் தேக்குத் தோட்டங்களுக்கு வெளியிட்ட விளைச்சல் அட்டவணைகள் இந்த அடிப்படையில்தான் நிலத்தைத் தரம் பிரித்தன. வேறு இனத்துக்கோ வேறு இடத்துக்கோ அந்த அட்டவணையை அப்படியே பொருத்தக் கூடாது.

செயற்கைக்கோள் படம் போதாதா?

இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் படங்களில் ஒரு கட்டம் 10 மீட்டர். பச்சையம் எங்கே அடர்த்தி, எங்கே குறைவு என்று அது காட்டும். அடுக்கு பிரிக்க அருமையான துணை. ஆனால் அது இலையைப் பார்க்கிறது, தண்டைப் பார்ப்பதில்லை. படத்தின் அளவுக்கும் திடலில் கண்ட கன அளவுக்கும் உள்ள தொடர்பை நாமே கண்டு, அதன் வழியாக முழுப்பரப்புக்கும் விரிக்க வேண்டும். கைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர் தள்ளியிருக்கும் என்பதால் தோப்பின் விளிம்பில் விழும் திடலில் இந்தத் தொடர்பு குழம்பும். தரையில் நாடா பிடிக்காமல் படத்தை மட்டும் வைத்துச் சொல்லப்படும் டன் கணக்கை ஏற்க வேண்டாம்.

கையெழுத்திடும் முன்

அறிக்கையிலோ ஒப்பந்தத்திலோ எண் எழுதும்போது ஐந்து விவரங்கள் கூடவே இருக்க வேண்டும்: திடல்களின் எண்ணிக்கையும் பரப்பும், அவை தேர்ந்தெடுக்கப்பட்ட விதம், வடிவக் காரணியும் எடை விகிதமும் எங்கிருந்து வந்தன, அளந்த தேதி, மதிப்பீட்டின் பிழை. விற்பவர் கீழ் எல்லையைக் கொண்டு தன் வருமானத்தைத் திட்டமிடட்டும். வாங்குபவர் தன் லாரிகளை மேல் எல்லைக்கு ஏற்பாடு செய்யட்டும். இருவர் கையிலும் ஒரே கணக்கு இருந்தால் எடைமேடையில் சச்சரவு எழாது. பிழை குறிக்காத எந்த மதிப்பீட்டிலும், அதைச் சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கையெழுத்திடாதீர்கள்.